மூன்று வெள்ளைச் சாமந்தி

நிஷிகசாய், டோக்கியோ
ஆகஸ்ட் 5

அன்புள்ள முத்துவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? தைலம் தடவினால் போதும் என்று இருந்துவிடாதே, மதுரைக்குப் போய் ஒரு தடவை காட்டிவிடு. இங்கே பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வெயில் நம் சாத்தூர் வெயிலுக்குக் குறைந்ததில்லை, புழுக்கம் அதைவிட அதிகம்.

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆகஸ்ட் 2ஆம் தேதி நாகஓகா என்ற ஊருக்கு வாணவேடிக்கை பார்க்கப் போய்வந்தேன். அதை உன்னிடம் போய்ச் சொல்வதா என்று தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் உன் நினைவுதான். சொல்லாமல் இருந்தால் நாற்பது வருஷப் பழக்கத்துக்கு என்ன அர்த்தம்?

காலையில் கிளம்பி மறுநாள் விடிவதற்குள் திரும்புகிற பஸ். உட்கார இடமும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. மருமகன் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, நானும் மகளும் ஏறிக்கொண்டோம். கான்எட்சு நெடுஞ்சாலையில் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் வருகிறது, மலையைக் குடைந்து போட்டது. அதைத் தாண்டினால் நீகாட்டா மாநிலம். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிற பகுதியாம். இப்போது எங்கு பார்த்தாலும் பச்சை வயல்.

நாகஓகாவில் இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது தரைதான். தெருவெல்லாம் செம்பழுப்பு. யாராவது சாயத்தைக் கொட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். பனி உருக நடுரோட்டில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சுகிறார்கள், அதற்கு வழிகாட்டியதே இந்த ஊர்தான் என்று மகள் சொன்னாள். அப்புறம் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் இருக்கும் இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகிச் சாலையில் படிந்திருக்கிறது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாடு ஒரு ஊர் முழுக்க விரிந்து கிடந்தது!

பஸ்ஸில் எங்களுக்கு அடுத்த இருக்கையில் ஒரு பாட்டி, எண்பதை நெருங்கியவர். மூங்கில் புல் இலையில் சுற்றிய கொழுக்கட்டை ஒன்றைக் கையில் திணித்தார். உள்ளே இனிப்பான சிவப்புப் பயற்றம் பூரணம். இலையைப் பிரித்ததும் நம் கார்த்திகைப் பனையோலைக் கொழுக்கட்டை ஞாபகம் வந்தது. அவருடைய அம்மா நாகஓகாக்காரராம். மகள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கத்தான் இந்த விழாவின் கதை எனக்கு முழுசாகப் புரிந்தது.

1945 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க பி-29 விமானங்கள் வந்தன. 125 விமானங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தீக்குண்டு போட்டன. ஊரில் பத்தில் எட்டுப் பங்கு எரிந்துபோயிற்று. இறந்தவர்கள் 1,480க்கும் மேல். சூடு தாங்காமல் ககி ஆற்றில் இறங்கியவர்கள் பலர் அங்கேயே மாண்டுபோனார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து 1946இல் அதே தேதியில் ஊரை மீட்டெழுப்பும் விழா என்று தொடங்கினார்கள். அடுத்த வருஷம் வாணவேடிக்கையும் வந்தது. இன்றைக்கும் ஆகஸ்ட் 1 இறந்தவர்களுக்கு. ககி ஆற்றில் காகித விளக்கு மிதக்கவிடுவார்கள், இரவு பத்தரைக்கு வெள்ளை வாணம் விடுவார்கள். பெரிய வாணவேடிக்கை 2, 3 தேதிகளில். எந்தக் கிழமையானாலும் தேதி மாறாது. கூட்டம் வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்பதில்லை. நம் ஊரில் திதியைத் தள்ளிவைப்போமா, அது மாதிரி.

பாட்டியின் அம்மா அந்த இரவில் தப்பியவர். சாகும்வரை ஆகஸ்ட் 1 அன்று வெள்ளை வாணத்தை மட்டும் பார்ப்பாராம். 2ஆம் தேதி இருட்டத் தொடங்கினால் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவாராம். சத்தம் கேட்க முடியாது. முத்து, மகள் இதை மொழிபெயர்த்தபோது நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிளஸ் டூ படிக்கும்போது, உங்கப்பா இறந்த வருஷத் தீபாவளியில் நீ விடுதி ஸ்டோர் ரூமில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அது அப்படியே கண் முன்னால் வந்தது.

ஷினானோ ஆற்றங்கரையில் இடம். ஜப்பானிலேயே நீளமான ஆறு, 367 கிலோமீட்டர். ஏழு இருபதுக்கு வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போதே தொடங்கியது. முதலில் மூன்றே மூன்று வெள்ளை வாணம், ஒன்றன்பின் ஒன்றாக. பெயர் ‘ஷிராகிகு’, வெள்ளைச் சாமந்தி. இங்கே சாவுக்கு வைக்கிற பூ அது. அதைச் செய்தவர் காசே செய்ஜி என்ற வாணக் கலைஞர். போர் முடிந்து சைபீரியாவில் கைதியாகக் கிடந்து திரும்பியவர். அங்கேயே செத்துப்போன கூட்டாளிகளுக்காக இந்தப் பூவைச் செய்து, 1990இல் ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் நகருக்கே கொண்டுபோய் அமூர் ஆற்றின் மேல் விட்டார். அதே பூவை 2015இல், அந்தப் போரில் ஜப்பான் தாக்கிய அமெரிக்கத் துறைமுகமான பேர்ல் ஹார்பரிலும் விட்டிருக்கிறார்கள். அந்தத் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட யமமோட்டோ இசோரோகு பிறந்தது இதே நாகஓகாவில்தான். அதை நினைத்தால் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

என்னைச் சுற்றி அத்தனை கூட்டம். அந்த மூன்று பூவுக்கும் ஒருவரும் கை தட்டவில்லை. பாட்டி தலை குனிந்திருந்தார். நான் உங்கப்பாவை நினைத்துக்கொண்டேன்.

உங்கப்பா பட்டாசுக்கு மணி மருந்து உருட்டுகிறவர். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர் விரல் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைச் சுரண்டி எடுப்போமே. இங்கேயும் அந்த மணிதான் எல்லாம். அதை ‘ஹோஷி’, நட்சத்திரம் என்கிறார்கள். சின்ன விதையைச் சுழற்றிச் சுழற்றி, மருந்தைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி வளர்க்கிறார்கள். பூசும் அடுக்கு மாறினால் வானத்தில் நிறம் மாறும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். பேரியம் நம் ஊரில் இப்போது தடை, உனக்கே தெரியும். அந்த மணிகளை உருண்டைக்குள் கையால் வட்டமாக அடுக்குகிறார்கள். அதனால்தான் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பூ முழு வட்டமாக விரிகிறது. கோணாமல் விரிந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவருடைய விரல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘சன்ஷாகு’ என்று ஒன்று. மூன்றடி விட்டம், 300 கிலோ எடை. அதை விடுவதற்கு முன்னால் சைரன் ஊதுகிறார்கள். 600 மீட்டர் ஏறி, 650 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. ஒளி வந்து ஒரு மூச்சு கழித்துத்தான் சத்தம் வருகிறது, நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது. ‘ஃபீனிக்ஸ்’ என்பது ஆற்றோரம் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேரத்தில் எழும்புவது. 2004 அக்டோபரில் இந்தப் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷம், ஊர் மீண்டெழ வேண்டும் என்று தொடங்கினார்களாம். அதற்கு மட்டும் எல்லோரும் எழுந்து நின்று அழுதார்கள், நானும்தான்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் பஸ்ஸிலேயே முடிவு செய்தது கடைசியில் நடந்ததைத்தான். ஒன்பது மணி தாண்டி எல்லாம் முடிந்தது. கூட்டம் எழுந்து ஓடும் என்று நான் பையைத் தூக்கிவிட்டேன். ஒருவரும் நகரவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். உடனே கரை முழுக்கச் செல்போன் விளக்கும் டார்ச்சும் உயர்ந்து அசைந்தன. எதற்கு என்று கேட்டேன். “வாணம் செய்தவர்களுக்கு நன்றி சொல்றாங்கம்மா” என்றாள் மகள். கொஞ்ச நேரத்தில் வாணம் விட்ட இருட்டிலிருந்து சின்னச் சின்னதாகச் சிவப்பு வெளிச்சங்கள் அசையத் தொடங்கின. அந்த வேலைக்காரர்கள் கையில் தீவட்டி பிடித்துப் பதில் சொல்கிறார்கள். முகம் தெரியவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

முத்து, நாம் எத்தனை தீபாவளிக்கு எத்தனை சரவெடி வாங்கியிருப்போம். ஒரு தடவையாவது பெட்டியைத் திருப்பிப் பார்த்து இதை உருட்டியவர் யார் என்று நான் கேட்டதில்லை. உங்கப்பா செத்த செய்தி பேப்பரில் ‘தொழிலாளி பலி’ என்றுதான் வந்தது. பேர்கூடப் போடவில்லை. நீ அந்தத் துண்டைக் கணக்கு நோட்டில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து நானும் கையை ஆட்டினேன். கை வலிக்கிறவரை ஆட்டினேன்.

திரும்பும்போது சாலை முழுக்க பஸ். வாகன நிறுத்தத்தைவிட்டு வெளியே வரவே வெகுநேரம். பாட்டி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விடிகாலை நாலரைக்கு டோக்கியோ. முதல் ரயில் வரும்வரை நடைமேடையில் உட்கார்ந்து மிச்சக் கொழுக்கட்டையைத் தின்றோம்.

செப்டம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். நேரே உன் வீட்டுக்குத்தான். அந்த மூன்று வெள்ளைப் பூவையும் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு மனமிருந்தால் பார்ப்போம். சத்தத்தை அணைத்துவிட்டும் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி