பெஞ்ச் ஓரத்து அண்ணன்களுக்கு ஒரு நன்றி மடல்

சாம் மிட்செல், கெவின் கார்னெட், யுடோனிஸ் ஹாஸ்லெம், இன்னும் ஸ்கோர் அட்டையில் பெயரே ஏறாமல், புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தே சீசனை முடிக்கும் மூத்த ஆட்டக்காரர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் நாங்கள், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் உங்களைப் பார்த்தே பாதிப் பாடம் நடத்துகிறோம். அதற்கான நன்றி இது.

1995-இல் பள்ளியிலிருந்து நேராக மின்னசோட்டா அணிக்கு வந்த கார்னெட்டுக்கு வயது 19. தன் இடத்துக்கே போட்டியாக வந்த பையனைக் கூட வைத்துக்கொண்டு தொழில் கற்றுக்கொடுத்தவர் மிட்செல். இருபது வருடம் கழித்து, 2015-16 சீசனில், அதே அணியில் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் என்ற புதுப் பையனுக்குப் பக்கத்தில் கார்னெட். கோச் யார் தெரியுமா? அதே மிட்செல்! அந்த சீசனில் கார்னெட் ஆடியது 38 ஆட்டம்தான், அதுவும் சராசரியாக 15 நிமிடத்துக்கும் குறைவாக. அணி ஜெயித்தது வெறும் 29. ஆனால் சிறந்த புதுமுகம் டவுன்ஸ்தான்.

கார்னெட் சார், உங்கள் குரலுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பிக் அண்ட் ரோல் என்பது, பந்துக்காரனுக்கு வழிவிட அவன் அணி ஆள் வந்து உடம்பால் மறித்து நின்றுவிட்டு (இதுதான் ஸ்க்ரீன்) கூடையை நோக்கி ஓடும் ஆட்டம். அதில் பந்துக்காரனைத் தடுக்கும் கார்டுக்கு (வெளிவட்டத்தில் ஆடுபவனுக்கு) முதுகுக்குப் பின்னால் வரும் ஸ்க்ரீன் தெரியாது. அதை முதலில் பார்ப்பவன் பின்னால் நிற்கும் உயரமானவன். எந்தப் பக்கம் வருகிறது, ஆள் மாற்றிக்கொள்வதா, பின்வாங்கி நிற்பதா என்று ஸ்க்ரீன் வந்து நிற்பதற்குள் அவன் கத்திவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் கார்டு போய் மோதுவான், இரண்டு பேரும் ஒரே ஆளைத் துரத்துவார்கள், கூடையடி காலி. புதுப் பையன்கள் வாயை மூடிக்கொள்வது சோம்பலால் அல்ல, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தால். தப்பாகவே சொன்னாலும் ஐந்து பேரும் ஒரே தப்பைச் செய்தால் சமாளிக்கலாம். கோச் இதைப் பலகையில் எழுதலாம், ஆனால் களத்தில் பக்கத்தில் நின்று கத்திக் காட்ட ஆடுகிற ஆள்தான் வேண்டும்.

ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதியிலும் வரும் கடைசி நிமிடக் கணக்கும் அப்படித்தான். கடிகாரத்தில் 32 நொடி இருக்கும்போது ஷாட் போட்டால், எதிரணி ஷாட் போட தனக்குள்ள 24 நொடியை முழுதாகத் தின்றாலும் நமக்கு இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். இளம் கார்டு 27 நொடி வரை பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் அது போச்சு.

ஹாஸ்லெம் அண்ணா, டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில்) யாரும் எடுக்காமல் பிரான்ஸ் போய் ஆடிவிட்டு வந்து, மயாமி அணியிலேயே 20 சீசன் இருந்தவர் நீங்கள். 2020-21-இல் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஆட்டம், அதிலும் மூன்று நிமிடம் முடியுமுன் நடுவர்கள் வெளியேற்றிவிட்டார்கள் (அதற்கும் ஒரு கைதட்டல்). கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரஸ் போல டிராஃப்டில் விடுபட்டவர்களுக்கு உங்கள் பேச்சு எடுபட்டதென்றால், நீங்களும் அந்தக் கதவு வழியாக வந்தவர் என்பதால்தான்.

ஓராண்டுக் குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தத்தில் வரும் மூத்தவருக்கு அனுபவத்தால் கூடும் சம்பளத்தை லீகே ஏற்கும் விதியை வகுத்தவர்களுக்கும் நன்றி. அது இல்லையென்றால், அதே இடத்துக்கு மலிவான புதுப் பையனைத்தான் அணிகள் தேடும். ஒன்று மட்டும் அணி நிர்வாகிகளுக்கு: பயிற்சியில் முழு வேகத்தில் ஓட முடியாதவரையும், ஆட நிமிடம் கிடைக்கவில்லை என்று முகம் தூக்குபவரையும் அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். பையன்கள் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்கள்.

நன்றியுடன்,
தமிழ்க் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்