ஆடிக் காற்றில் மெஷினை நிறுத்தி வைக்காதீர்கள்

காற்றாலை உற்பத்தி, பராமரிப்பு நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பணகுடிப் பக்கம் ஒரே ஒரு 2 மெகாவாட் மெஷின் வைத்திருக்கும் சிறு முதலீட்டாளன் எழுதுகிறேன்.

இந்த ஆடியிலும் மெஷின் நின்றது. இறக்கையிலோ கியர்பாக்ஸிலோ பழுதில்லை, ஜெனரேட்டரும் நன்றாகவே இருந்தது. கோபுரத்தின் அடியில், மின்சாரத்தை கிரிட்டுக்கு (மின்கட்டமைப்புக்கு) ஏற்றபடி மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் ஒரு ஐஜிபிடி மாட்யூல், அதாவது மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச் பாகம், வெடித்துவிட்டது. பேனலைத் திறந்தால் செம்புப் பட்டையெல்லாம் கரி, ஃபில்டர் முழுக்கச் செம்மண் அப்பிக் கிடந்தது. ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய அந்தப் பாகம் ஸ்டோரில் இல்லையாம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். சரி, எப்போது வரும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. வாரக்கணக்கில் நின்றது. முழுக் காற்றில் ஒரு நாள் ஓடினால் 48,000 யூனிட். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 1,44,000 ரூபாய். பேங்க் தவணை காற்றைப் பார்த்து வருவதில்லை.

கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறீர்கள். வருடத்தில் 95 சதவீத நேரம் மெஷின் ஓடத் தயாராக இருக்கும் என்பது உத்தரவாதம். மீதி 5 சதவீதம் என்றால் 18 நாள், அந்த 18 நாளும் ஆடியில் போனாலும் நீங்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை. மாசியில் காற்றில்லாமல் சும்மா நிற்கும் மெஷினும் தயார் கணக்கில்தான் வருகிறது. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்?

டிஎஃப்ஐஜி என்ற இந்த வகை மெஷினில் ஜெனரேட்டரின் அசையாத பகுதியான ஸ்டேட்டர் நேராக கிரிட்டோடு சேர்ந்திருக்கிறது, சுழலும் பகுதியான ரோட்டர் பக்கத்து 30 சதவீதம் போலத்தான் கன்வெர்ட்டர் வழியே போகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 30 சதவீதம் படுத்தால் மொத்தமும் படுத்துவிடுகிறது. பலத்த காற்றில் லோடு ஏறி இறங்க, மாட்யூலும் சூடாகிச் சூடாகி ஆறும், உள்ளே இருக்கும் கம்பி இணைப்புகள் தளரும், தூசி அடைத்த ஃபில்டர் சூட்டை இன்னும் கூட்டும். அதனால் இது சீசனில் போகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். தெரிந்தும் ஏன் ஸ்டோர் காலியாக இருக்கிறது? கன்வெர்ட்டர் உதிரிபாகங்கள் வைகாசி பிறக்கும் முன் பக்கத்து ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் கேட்பது முதலில் இதுதான்.

கன்வெர்ட்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முப்பந்தலில் சுற்றிய பழைய 250 கிலோவாட் காத்தாடிகள், ஜெனரேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக்கத் தேவைப்படும் ரியாக்டிவ் பவரை கிரிட்டிலிருந்து இழுத்தன, வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே கழன்றுகொண்டன. வோல்டேஜ் இறங்கினாலும் கிரிட்டை விட்டுப் போகக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையம் விதி கொண்டுவந்தது சரியானதே, அதைச் செய்து காட்டுவதும் இந்தக் கன்வெர்ட்டர்தான். ஆனால் பழைய மெஷினில் அந்த ரியாக்டிவ் பவரை ஓரளவு ஈடுகட்டும் கெப்பாசிட்டர் போனால் நாகர்கோவிலில் வாங்கி அன்றைக்கே மாட்டி ஓட்டினோம்.

இப்போது டிப்ளமோ படித்துவிட்டு 80 மீட்டர் கோபுரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற நம் ஊர்ப் பையன்களுக்குப் பேனலின் வயரிங் வரைபடம்கூடத் தருவதில்லை. பாராமீட்டர் பார்க்க பாஸ்வேர்ட் கிடையாது, ஃபால்ட் கோடு என்ன சொல்கிறது என்று அறிய தலைமையகத்திலிருந்து ஒருவர் லேப்டாப்போடு வரவேண்டும். 1986இலேயே தூத்துக்குடியில் காற்றாலை வைத்த நாட்டில், பழுது பார்க்கும் அறிவு மட்டும் இன்னும் இறக்குமதிச் சரக்காக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது பழைய மெஷின்களைக் கழற்றிவிட்டுப் புதியவை வைக்கச் சொல்கிறார்கள். அவற்றில் பல முழு மின்சாரத்தையும் கன்வெர்ட்டர் வழியாகவே அனுப்புபவை. இதே நிலை நீடித்தால் யாரை நம்பிப் பணம் போடுவது?

கோபத்தில் எழுதியது தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகங்களை வைகாசிக்கு முன் ஸ்டோரில் வையுங்கள். சீசன் மாதங்களுக்குத் தனி உத்தரவாதம் எழுதித் தாருங்கள். வரைபடத்தையும் ஃபால்ட் கோடு பட்டியலையும் சைட் ஆட்களுக்குக் கொடுத்துப் பயிற்சியும் தாருங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் இதற்கு எழுத்துமூலமாகப் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒற்றை மெஷின்காரன்