வட்டு நிரம்பிய கதை

அன்புள்ள முத்து,

உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. பொங்கல் வாழ்த்தில் "உயிரோடு இருக்கிறாயா, இல்லை வட்டு நிரம்பிவிட்டதா?" என்று கேட்டிருந்தாய். மைதிலி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. மைதிலிக்கு முழங்கால் அறுவை நல்லபடி முடிந்தது. இப்போது மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். பையன் மறுபடி வேலை மாறிவிட்டான். கிட்டுவிடம் அதே கார், அதே பொய்கள். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நீ உண்மையைச் சொல்லப்போவதும் இல்லை.

இனி விஷயம். நம் காலத்து யூஸ்நெட்டில், உலகமே கணினி வழியாகக் கூடிப் பேசிய அந்த விவாதக் குழுக்களில், 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் வழியாகப் புதிதாக எதையும் ஏற்ற முடியாது என்று ஆகிவிட்டது. பழையவற்றைத் தேடிப் படிக்கலாம். அறுவைக்குப் பின் மைதிலி தூங்கும் மத்தியான வேளைகளில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருக்கமாட்டாமல் தேடத் தொடங்கினேன். கையில் அகப்பட்டது நீ.

அவசரப்படாதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். நீ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் நான் செய்தது என்ன என்று உனக்குப் புரியும்.

யூஸ்நெட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இருந்ததில்லை. 1979இல் டியூக் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இரண்டு பேர், டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும், யோசித்த யோசனை. ஒரு கணினி இன்னொரு கணினியைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு அதனிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் தொலைபேசிக்குக் கட்டணம் யார் கட்டுவது? பெரிய கணினிகளை வைத்திருந்த சில இடங்கள் கட்டின. எந்தக் குழுவைச் சுமப்பது, எதை விடுவது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்கு 'முதுகெலும்புக் கும்பல்' என்று பெயர் வைத்தார்கள். கும்பலோ, அப்படி ஒரு கும்பலே கிடையாது என்று சாதித்தது. நம் ஊர்க் கோயில் டிரஸ்டிகளை நினைத்துக்கொள்.

1986, 87இல் எல்லாக் குழுக்களுக்கும் பெயர் மாற்றினார்களே, அது ஏன் என்று நீ எப்போதாவது யோசித்ததுண்டா? கணினிக்குக் காம்ப், அறிவியலுக்குச் சை, பொழுதுபோக்குக்கு ரெக், சமூகத்துக்குச் சாக் என்று ஏழு தலைப்புகள் வந்தன. அதில் ஒன்று விவாதத்துக்கான டாக். ஐரோப்பாவுக்குச் செய்தி போவது கடல் தாண்டிய விலையுயர்ந்த இணைப்பில். மதச் சண்டைக்கும் வசைமாரிக்கும் நாங்கள் ஏன் பணம் கட்டவேண்டும் என்று அங்கே இருந்தவர்கள் கேட்டார்கள். அதனால் சண்டைக்காரர்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டினார்கள். வேண்டாதவன் கோப்பில் ஒரு வரி எழுதினால் மூட்டை முழுவதும் வாசலோடு நின்றுவிடும். பெயர் வைக்கும்போதே யாரைக் கழித்துவிடலாம் என்றும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். மீன்தொட்டி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. 1989இல் ஒருவர் மீன்தொட்டிக் குழுவை ரெக்கில் வைக்காதீர்கள், சையில் வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். பொழுதுபோக்கைச் சுமக்காத கணினிகள்கூட அறிவியலைச் சுமக்குமாம். தங்கமீன் விஞ்ஞானமா என்று நடந்த அந்தப் போரைப் படித்து நாம் மூன்று பேரும் காபி ஆறியது தெரியாமல் சிரித்தோம், நினைவிருக்கிறதா?

கும்பல் சுமக்க மறுத்தால் என்ன என்று 1987இல் கலிபோர்னியாவில் மூன்று பேர் ஒரு பார்பிக்யூ கடையில் உட்கார்ந்து ஆல்ட் என்ற தனிப் பாதையைப் போட்டார்கள். அவர்களில் பிரையன் ரீட் என்பவர் சமையல் குறிப்புக் குழு நடத்தியவர். இன்னொருவரான ஜான் கில்மோருக்குப் போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு வேண்டும், அதைக் கும்பல் தரவில்லை. சாம்பாரும் கஞ்சாவும் சேர்ந்து புரட்சி செய்தது உலகத்தில் அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

மற்ற தலைப்புகளில் புதுக் குழு வேண்டும் என்றால் வாக்கெடுப்பு. ஆம் என்பது இல்லை என்பதைவிட நூறாவது அதிகமாக வேண்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். தமிழுக்கு ஒரு குழு வேண்டும் என்று நீ விடுதி விடுதியாக அலைந்ததும், கிட்டுவை ஒரு மின்னஞ்சல் அனுப்ப வைக்க இரண்டு தட்டு பிரியாணி வாங்கித் தந்ததும் எனக்கு மறக்கவில்லை. ஆனால், முத்து, அந்த வாக்கெடுப்பில் ஜெயித்தால் கிடைப்பது என்ன தெரியுமா? "இப்படி ஒரு குழு தொடங்கலாம்" என்று எல்லாக் கணினிகளுக்கும் ஒரு தகவல் போகும். அதை ஏற்பதும் தள்ளுவதும் அந்தந்தக் கணினியைப் பார்த்துக்கொள்பவன் பாடு. உலகமே கூடி வாக்களித்தாலும் சாவி ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒருவன் இடுப்பில்தான் தொங்கியது. நம் பல்கலைக்கழகத்தில் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது.

1994 இலையுதிர் காலம். நம் தமிழ்க் குழுவான சாக்.கல்ச்சர்.தமிழ் அப்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கம் கம்பராமாயணம், இன்னொரு பக்கம் இட்லி மாவு புளிக்காத குளிருக்கு மருந்து, நடுவில் இலங்கைப் போர். வசைகளையும் பார்த்தோம். ஒருநாள் துறைத்தலைவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தின் கணினி ஒரு போருக்குப் பிரசாரம் செய்கிறதாம். அதைப் பார்த்துக்கொள்பவனும் அந்த இனத்தவனாம். அவர் நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். "நீயே பார்த்து நியாயமாகச் செய்" என்றார். திட்டியிருந்தால் திரும்பிப் பேசியிருப்பேன். நியாயமாகச் செய் என்று சொல்லிவிட்டார், நான் சிக்கிக்கொண்டேன்.

என் அமெரிக்கப் பச்சை அட்டை விண்ணப்பம் அப்போது பாதிக் கிணறு தாண்டியிருந்தது. 1991க்குப் பிறகு தமிழன், இலங்கை என்ற இரண்டு சொற்கள் ஒரே வரியில் வந்தால் எனக்கு அடிவயிறு குளிர்ந்த காலம் அது. நான் பயந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, மைதிலியிடமும் சொன்னதில்லை.

குழுவை நேராக நீக்கியிருக்கலாம். அதற்கும் பயம். ஸ்டான்ஃபோர்டில் 1989இல் நகைச்சுவைக் குழு ஒன்றை நிறுத்திப் பட்ட பாடு எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். செயற்கை அறிவுத் துறையின் முன்னோடி ஜான் மெக்கார்த்தியே எழுந்து, நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அவர்கள் திருப்பிக் கொண்டுவரவேண்டியதாயிற்று. நான் நீக்கினால் நீயே முதல் ஆளாக மனு எழுதுவாய், கிட்டு இரண்டாவது கையெழுத்துப் போடுவான்.

அதனால் வேறொன்று செய்தேன். ஒவ்வொரு குழுவின் செய்தியும் எத்தனை நாள் கணினியின் வட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லும் கோப்பு ஒன்று உண்டு. சாக் குழுக்களுக்கு எல்லாம் 14 நாள். தமிழுக்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்து 1 என்று எழுதினேன். குழு இருக்கும், பட்டியலில் பெயர் இருக்கும், செய்தி மட்டும் மறுநாள் இருக்காது. யாரும் கேட்கமுடியாது.

யாரும் கேட்கவும் இல்லை, நீ ஒருவனைத் தவிர. நீ ஆய்வுக்கூடத்திலிருந்து சனிக்கிழமை இரவுதான் வருவாய். ஒரு வாரத்துச் செய்தியை மொத்தமாகப் படிக்கலாம் என்று ஆசையோடு உட்கார்ந்தால் திரையில் நாலைந்து கிடக்கும். "என்னடா இது?" என்று கேட்டாய். நான் சொன்னேன்: "வட்டு நிரம்பிவிட்டது."

முப்பது வருஷமாக நாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். உன் பெண் கல்யாணத்துக்கு நான் வராதபோது எழுதினாய், ரெட்டி கடனைத் திருப்பித் தராதபோது எழுதினாய். ஒவ்வொரு தடவையும் நானும் சிரித்தேன். வட்டு நிரம்பியது உண்மைதான். நிரப்பியது ஆல்ட்டில் இருந்த ஆபாசப் படக் குழுக்கள். ஒரு படத்தைப் பத்துத் துண்டாக்கி அனுப்புவார்கள். ஒரே ஒரு படம் தமிழின் ஒரு வாரத்துச் சண்டையைவிடக் கனமாக இருக்கும். அவற்றை நான் தொடவில்லை. அவற்றைப் பற்றிப் புகார் வரவில்லை. பார்ப்பவன் எங்கே புகார் கொடுப்பான்? அடுத்த வருஷம் டிசம்பரில், ஜெர்மனியின் மியூனிக் அரசு வழக்கறிஞர்கள் பார்வை விழுந்ததும் காம்பியூசர்வ் என்ற இணையச் சேவை நிறுவனம் 200க்கும் மேற்பட்ட குழுக்களை அடைத்தது. கணினி அறையில் அதை நான்தான் எல்லோரையும்விட உரக்கக் கண்டித்தேன். இருநூறு எங்கே, ஒன்று எங்கே என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

இதுவரை சொன்னது பரவாயில்லை. இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம்.

உன் அம்மா போனது அந்த ஐப்பசியில். நீ போகமுடியவில்லை. மூன்று சனிக்கிழமை இரவு என் பக்கத்து முனையத்தில் உட்கார்ந்து மூன்று பகுதியாக அம்மாவைப் பற்றி எழுதினாய். மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுவிட்டுக் காக்கை விரட்டக் குடையோடு உட்காருவது, தகரப் பெட்டி, ரேடியோவில் மாநிலச் செய்தி வந்தால் யாரும் பேசக்கூடாது என்பது. நான்காவது சனிக்கிழமை வந்தாய். குழுவைத் திறந்து பார்த்தாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. "தமிழனுக்கு எழுதுவதைவிடக் கிணற்றில் கத்தலாம், எதிரொலியாவது வரும்" என்றாய். அதற்குப் பிறகு நீ எதுவும் எழுதவில்லை. நான் அறிந்தவரை இன்றுவரை எழுதவில்லை.

பதில் வந்தது, முத்து. அது நம் கணினிக்கும் வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறது. நீ அனுப்பியது உலகம் முழுவதும் போய்விட்டது. திரும்பி வந்ததை நான் அழித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அந்தக் குழுவையே நான் பார்க்காமல் இருந்தேன், பார்த்தால் உறுத்தும் என்று. இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன்.

இருபத்து மூன்று பதில்கள். அவசரப்பட்டு உருகாதே, அதில் பதினான்கு, வற்றலா வத்தலா என்று இரண்டு பேர் போட்ட சண்டை. வடகம் வேறு, வற்றல் வேறு என்று மூன்றாவதாக ஒருவர் வந்து இருவரிடமும் அடி வாங்கியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிய காலம் இல்லையா, நீ ழகரத்துக்கு ஓர் எழுத்துப் போட்டது தமிழ்த் துரோகம் என்று ஒருவர் தனியாக முழங்கியிருக்கிறார். மீதியைத்தான் சொல்லவேண்டும். டொரன்டோவிலிருந்து ஒரு பெண்மணி, யாழ்ப்பாணத்துக்காரர். தன் அம்மா அங்கே இருக்கிறார், கடிதம் போய்ச் சேருகிறதா என்றுகூடத் தெரியவில்லை, உங்கள் அம்மாவின் குடையைப் படித்துவிட்டு இரவு முழுவதும் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஒரு பையன், நம்மைப் போல ஆராய்ச்சி மாணவனாகத்தான் இருக்கவேண்டும், மூன்று பகுதிகளையும் அச்செடுத்துத் தன் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பியதாகச் சொல்கிறான். அவனே இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து, நான்காம் பகுதி எப்போது என்று கேட்டிருக்கிறான். டிசம்பரிலும் ஒரு தடவை கேட்டிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி வந்தது, கிழித்துவிட்டேன். பயந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதுவே போதும் என்று வைத்துக்கொள். பச்சை அட்டை அதற்கு அடுத்த வருஷம் வந்தது. மொட்டைக் கடிதம் எழுதியவன் மறுபடி எழுதவே இல்லை. அந்த வரியை நான் எடுத்தேனா என்று கேட்பாய். எடுக்கவில்லை. நீ ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கே படிக்க யார் இருந்தார்கள்?

உன் மூன்று பகுதிகளையும் இருபத்து மூன்று பதில்களையும் அச்செடுத்திருக்கிறேன். உன் கட்டுரையைத் தமிழ் எழுத்தில் மாற்றித் தரலாம் என்று உட்கார்ந்தேன், முதல் பத்தியிலேயே நிறுத்திவிட்டேன். அது நீ செய்யவேண்டியது. வற்றல் சண்டையையும் விடாமல் சேர்த்திருக்கிறேன். எதை அனுப்புவது, எதை விடுவது என்று இனி நான் முடிவு செய்வதாக இல்லை.

பார்சல் திங்கட்கிழமை கிளம்புகிறது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும். மத்தியானத்தில் தூங்கித் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடாதே.

உன்,
சபா