சேமிக்கத் தெரியாதவர்கள் அல்லர்

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

கிளிநொச்சியில் பெண்களுக்கு நிதி அறிவு வகுப்பு எடுக்கப் போவதாகவும், முதல் நாள் எதைச் சொல்லித் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். சேமிப்பின் அவசியத்தைச் சொல்லித் தொடங்கிவிடாதே.

உன் அம்மப்பா மரமேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளி. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள்ளு ஊற்றிய நாள்களில், வருமானத்தில் ஒரு பங்கு சேமிப்பாகக் கழிக்கப்பட்டு அவருடைய புத்தகத்தில் ஏறும். அந்தக் காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வந்தது. வங்கிக்குப் போனால் கதிரை இருந்தும் நின்றுகொண்டே பேசிய மனிதர் அவர். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் பழகிய ஒதுக்கம் அங்கும் அவரை விடவில்லை. அம்மம்மா பிடித்த சீட்டில் ஒரு சதம் பிசகியதில்லை. நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

நாங்கள் தோற்றது கடன் தாளிடம். 2009இல் யுத்தம் முடிந்து ஏ9 வீதி வழியே நுண்கடன் நிறுவனங்கள் வந்தபோது, பிணை கேட்காமல் வீட்டு வாசலிலேயே காசு தருகிறார்கள் என்று மகிழ்ந்தோம். நான் ஐம்பதாயிரம் ரூபா எடுத்தேன். வட்டி 24 வீதம், கிழமைக்கு 1,192 ரூபாவாக 52 கிழமை என்றார்கள். மொத்த வட்டி 12,000தானே என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்திட்டேன். ஆனால், ஒவ்வொரு கிழமையும் முதலைத் திருப்பிக் கொடுத்து வருவதால், சராசரியாக ஏறத்தாழ 27,000 ரூபாதான் என் கையில் இருந்தது என்பதும், குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் அந்த வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 44 வீதம் என்பதும் பின்னர் நீ கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துக் காட்டும்படி கேட்க வெட்கப்பட்டேன்.

பிணை இல்லை என்றதும் முழு உண்மை அன்று. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. பக்கத்து வீட்டு மாமி கட்டத் தவறிய கிழமைகளில் அவருடைய பங்கையும் நாங்கள்தான் கட்டினோம். அதற்காக என் தோடு அடகுக்குப் போனது; எங்களுக்குள் பேச்சும் நின்றது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய பெண்களின் நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்வதாக 2018இல் அறிவித்தபோது, நான் தோட்டை இழந்து, கடனையும் கட்டி முடித்திருந்தேன். ஒழுங்காகக் கட்டியவளுக்கு அதில் பங்கில்லை.

ஆகவே, முதல் நாளே ஓர் உண்மையான கடன் தாளைக் கொண்டுபோய், வட்டி எந்தத் தொகைக்கு, ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் கழித்துக் கையில் வருவது எவ்வளவு, ஒரு கிழமை தவறினால் என்ன என்பவற்றை அவர்களைக் கொண்டே கணக்கிடுவி. என் பழைய தவணை அட்டையை இதனுடன் அனுப்புகிறேன். பின்பக்கத்தில் மாமியின் பெயர் இருக்கிறது. வகுப்பில் காட்டும்போது அதை மறைத்துவிடு.

அன்புடன்,
அம்மா