ஆம்ப் முடிந்தது, சேகர்!

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணமான, நானே கட்டின ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இப்போது மேஜை மேல் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது. முடித்துவிட்டேன்டா! பின்னால் ஸ்பீக்கருக்குப் போகிற ப்ரீஆம்ப் வெளியீடு, முன்னால் ஹெட்ஃபோன் ஜாக், இரண்டுக்கும் சேர்த்து ஒரே வால்யூம் குமிழ். ரவி வந்து கேட்டான். கேட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பான் என்று உனக்கே தெரியும்.

நீ கட்டப் போகிற ஆம்பில் எந்த ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குகிற சிப், அதாவது ஐசி) போடலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நீ மாறவே மாட்டாயா? சாக்கெட்டில் ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றியே வயசாகிவிடும் உனக்கு. என்ஈ5532 பல வருஷமாக ஸ்டூடியோ மிக்ஸர்களில் ஓடுகிற ஐசி, அதுவே போதும். 2011-இல் வந்த ஆப்ஜெக்டிவ்2 என்கிற ஹெட்ஃபோன் ஆம்பின் சர்க்யூட்டை எடுத்துப் பார். ஹெட்ஃபோனை ஓட்ட என்ஜேஎம்4556 ஐசிதான். அதன் இரண்டு பாதிகளையும் ஆளுக்கொரு 1 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்திருக்கிறார்கள், வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்ப் தன் பக்கத்தில் காட்டுகிற தடை) அரை ஓம் அளவுக்கு வந்துவிடுகிறது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓமுக்குள் இருந்தாலே நல்லது என்பார்கள்.

விஷயமே கிரவுண்டில்தான், அதாவது கரண்ட் திரும்பி வருகிற பொது வழியில்தான் இருக்கிறது, சேகர். ஹெட்ஃபோனிலிருந்து திரும்பி வருகிற கரண்ட்டுக்குத் தனி வழி வேண்டும். இடதும் வலதும் ஒரு மெல்லிய கம்பியில் சேர்ந்து திரும்பினால், அந்தக் கம்பியில் வெறும் 0.1 ஓம் இருந்தால்கூட 32 ஓம் ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கத்துக்குக் கசிவது மைனஸ் 50 டெசிபலில் வந்து நிற்கும், அதற்கு மேல் எந்த ஐசியைப் போட்டும் குறைக்க முடியாது. நான் ஜாக்கின் கிரவுண்ட் முனையிலிருந்து தடித்த கம்பியை நேராகப் பவர் சப்ளையின் நடுப்புள்ளிக்கு இழுத்தேன். இன்புட் கிரவுண்டும் வால்யூம் குமிழின் கிரவுண்டும் தனிக் கம்பியில் அதே புள்ளிக்கு வருகின்றன. குமிழை முழுக்கத் திருப்பி, பாட்டு போடாமல் காதில் வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதிக்காகவே இன்னொன்று கட்டலாம் போலிருக்கிறது.

அப்புறம் கெயின், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பது. நீ 5 மடங்கு வைக்கப் போவதாக எழுதியிருப்பது வேண்டாம். உன் டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக்கும் கருவி) 2 வோல்ட் தருகிறது, 100 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள 32 ஓம் ஹெட்ஃபோன் ஒரு மில்லிவாட்டிலேயே, அதாவது 0.18 வோல்ட்டிலேயே காதைப் பிளந்துவிடும். 5 மடங்கு வைத்தால் குமிழை லேசாகத் தொட்டதுமே போதும் என்றாகிவிடும், அந்த ஆரம்பப் பகுதியில்தான் சாதாரண வால்யூம் குமிழின் இடது, வலது பக்கத் தடைகள் ஒத்துப்போகாமல் பாடகர் ஒரு பக்கமாகச் சாய்வார். கெயின் 1 வை. அவசரத்துக்கு 3 மடங்குக்கு ஒரு சுவிட்ச் இருக்கட்டும்.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டப் போகிறேன் என்கிறாய். இரண்டில் ஒன்று முதலில் தீர்ந்தால் வெளியீட்டில் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ஏறிவிடும், நீ அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கின ஹெட்ஃபோனின் காயில் கருகிப் போகும். ஆப்ஜெக்டிவ்2-இல் ஒரு பக்கம் இறங்கினால் இரண்டையும் துண்டிக்கிற சர்க்யூட்டே இதற்காகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிடாதே. கட்டி முடித்ததும் ஹெட்ஃபோனை மாட்டாமல், மல்டிமீட்டரை ஜாக்கில் வைத்து இரண்டு பக்கமும் டிசி பார். சில மில்லிவோல்ட் என்றால் சரி, 20-ஐத் தாண்டினால் அப்படியே நிறுத்திவிட்டு எனக்கு எழுது. முதலில் மாட்டுவது போனால் போகட்டும் என்கிற பழைய ஹெட்ஃபோனாக இருக்கட்டும்.

சால்டர் வைப்பதற்கு முன்னால் கிரவுண்ட் கம்பிகள் எப்படிப் போகின்றன என்று தாளில் வரைந்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
மணி