பசலி 1286

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன் இன்னும் கொண்டுவரவில்லை. மற்றபடி ஊர்ச் செய்தி ஒன்றும் இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நீ லண்டன் போன புதிதில், செமினார் முடிந்த அன்று ராத்திரியே கூப்பிடுவாய். யார் கட்டுரை படித்தார்கள், எந்தப் பேராசிரியர் எந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டார் என்றெல்லாம் சொல்வாய். எனக்குப் பாதி புரியாது, ஆனாலும் கேட்க ஆசையாக இருக்கும். இப்போது குளிரைப் பற்றியும் காய்கறி விலையைப் பற்றியும்தான் பேசுகிறாய். நீ கட்டுரை படித்தது எப்படிப் போனது என்று கேட்டதற்கு "போச்சுப்பா" என்றாய். சரி, நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. செமினாருக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதே.

நீ விட்டுப்போன புத்தகங்களில் தர்மா குமாருடையதை எடுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் போகிறது. வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் நிலமில்லாத கூலி ஜனங்கள் உண்டானார்கள் என்று அதற்குமுன் பலர் எழுதிவந்தார்களாம். இந்த அம்மா கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அவர்கள் திரளாக இருந்தார்கள், சாதியே அவர்களை நிலத்திலிருந்து ஒதுக்கிவைத்திருந்தது என்று காட்டியிருக்கிறார். 1965-ல் வந்த புத்தகம். எத்தனை பேர் எதிர்த்துக் கேள்வி கேட்டிருப்பார்கள்! கேள்வியே வராத கட்டுரையை யாரும் மதிப்பதில்லை என்று நீதானே எனக்குச் சொன்னாய்?

மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். அத்தை பையன் போன் செய்தான். பஞ்ச காலத்தில் எவ்வளவு நிலம் தரிசாகக் கிடந்தது என்று நீ எடுத்த கணக்கைப் பற்றிச் செமினாரில் ஒருவர் கேட்டாராம். குடியானவன் செத்தோ ஊரைவிட்டுப் போயோ நிலம் தரிசாகக் கிடந்ததா, அல்லது கணக்கு எழுத ஆள் இல்லாமல் போனதா, இதை எப்படிப் பிரித்துச் சொல்வாய் என்று. நீ பதில் சொல்லாமல் நின்றாயாம். கூட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போனபோது நீ மட்டும் போகவில்லையாம். அங்கேதான் உண்மையான பேச்சு நடக்கும் என்பாயே. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே நீ வருவதில்லை என்கிறான். அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பசலிக்கும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரையான வரிக்கணக்கு வருஷத்துக்கும், கிராமக் கணக்கை அதிகாரி சரிபார்ப்பதுதானே ஜமாபந்தி. ஊர்க் கணக்கு எழுதிய தாத்தா அதற்குப் போவதைச் சின்ன வயதில் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். அதிகாரி முதலில் அளவைச் சங்கிலியைப் பார்ப்பார், அப்புறம் அடங்கல் என்கிற பயிர்க் கணக்கைப் புரட்டுவார். ஒரு தடவை, "போன பசலியில் கம்பு எவ்வளவோ இந்தப் பசலியிலும் அதே கம்பு, ஒரு சென்ட் கூட மாறவில்லையே, நீர் காட்டுக்குப் போனீரா, திண்ணையில் உட்கார்ந்து எழுதினீரா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். தாத்தா, "பார்த்துச் சொல்கிறேன் எசமான்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடியற்காலையிலேயே வரைபடத்தை எடுத்துக்கொண்டு புல எண் புல எண்ணாக நடந்தார். திருத்திய கணக்கோடு அதே பந்தலுக்குத்தான் போய் நின்றார். உங்கள் செமினாரும் ஒரு ஜமாபந்திதான் கண்ணு. அங்கே கேட்பவர்களுக்கு உன்மேல் பகை ஒன்றும் இல்லை.

உன்னைக் கேட்ட கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. காட்டுக்குப் போகாதவன் போன பசலியைப் பார்த்து அப்படியே பெயர்த்து எழுதுவான். எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பயிர்வாரிப் பரப்பு இரண்டு பசலிக்கும் ஒன்றாக இருந்தால் அந்த இடத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று சந்தேகப்படு. கிராமக் கணக்கு கிடைக்காவிட்டால் தாலுகா அளவிலாவது ஒப்பிட்டுப் பார். வஜா என்கிற வரித் தள்ளுபடியில் நஞ்சையையும் புஞ்சையையும் சேர்த்துக் கூட்டாதே. புஞ்சைக்குச் சாதாரணமாக வஜா கிடையாது, மிகவும் மோசமான காலத்தில்தான் கொடுத்தார்கள். இன்னொன்று, நீ அனுப்பிய அட்டவணையில் 1877 என்று ஒரே பத்தி போட்டிருக்கிறாய். அது எந்தப் பசலி? ஜூன் வரைக்கும் 1286, ஜூலையிலிருந்து 1287. தாது வருஷம் 1877 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, பஞ்சம் முடியவில்லை. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. இரண்டு பசலியையும் ஒரே பத்தியில் போட்டால் எது எப்போது குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு தலைமுறையாகக் கணக்கு எழுதிய வீடு இது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, பசலி தெரியாதா?

இதைக் கோபத்தில் எழுதவில்லை. சேலம் ஜில்லாவில் 1871 சென்சஸில் இருந்த ஜனத்தொகை 1881-ல் குறைந்துபோயிருந்தது என்று நீ முதன்முதலில் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்ப்பக்கம் செத்தவர்களுக்குக் கணக்குப் பார்க்க நம் வீட்டிலிருந்து ஒரு பெண் லண்டன் போயிருக்கிறாள் என்று கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த வேலையைப் பாதியில் விடாதே. செமினாருக்குப் போ. பின்வரிசையில் உட்கார்ந்தாலும் போ. முடிந்ததும் அவர்களோடு சாப்பிடவும் போ.

பிரிட்டிஷ் லைப்ரரியில் ரெவின்யூ போர்டு நடவடிக்கைகளைப் பார்க்கும்போது 1285, 1286, 1287 மூன்று பசலிக்கும் ஜமாபந்தி அறிக்கையைச் சேர்த்து எடு. அங்கே கிடைக்காததை எனக்கு எழுது. உன் கைடிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பஸ்ஸில் போய்வர எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அந்த 1877 பத்தியை இரண்டாகப் பிரித்து முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா