ஒற்றை வரி விடை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் பக்க வினாடி வினாவில், அமெரிக்காவில் இன்றும் ஆட்டம் நடக்கும் மிகப் பழைய மேஜர் லீக் (அந்நாட்டின் முதல்நிலைத் தொழில்முறைப் போட்டி) பேஸ்பால் மைதானம் எது என்ற கேள்விக்கு, 'ஃபென்வே பார்க், பாஸ்டன், 1912' என்று விடை போட்டிருந்தீர்கள். சரியான விடைதான். ஆனால் பிள்ளைகள் மனதில் அது எப்படித் தங்கும்?

பாஸ்டனில் மகள் வீட்டில் இருந்தபோது அந்த மைதானத்தைப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர். அதிலுள்ள ஸ்கோர் போர்டில் இன்றும் ஆள்தான் எண் பலகையை மாற்றுகிறார். வலப்பக்க கேலரியில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. 1946-ல் இந்த மைதானத்தின் சொந்த அணியான ரெட் சாக்ஸின் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே இருந்த ரசிகரின் வைக்கோல் தொப்பியில் விழுந்து ஓட்டை போட்டதாம்! இதைச் சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

கசப்பான செய்தியும் உண்டு. 1945 ஏப்ரலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் இதே மைதானத்தில் தேர்வுக்கு வந்தார். ரெட் சாக்ஸ் அணி அவரைச் சேர்க்கவில்லை. இரண்டே ஆண்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி, மேஜர் லீகில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்தார். ரெட் சாக்ஸோ 1959 வரை ஒரு கறுப்பின வீரரைக்கூடக் களமிறக்கவில்லை. மேஜர் லீக் அணிகளில் கடைசி அதுதான். அநியாயம் இல்லையா?

விடைக்குக் கீழே நான்கு வரி இடம் ஒதுக்கி, இவற்றையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை